கடைக் கணினிக்கு எந்த பிரவுசர்? குரோம், ஃபயர்பொக்ஸ், பிரேவ், எட்ஜ், கூடவே புதிதாக வந்த இரண்டு

திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், றீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து வேலை பார்க்க மூன்று கணினிகள் போட்டிருக்கிறேன். போன வருசம் ஒரு நாள், சம்பூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அக்கா, கட்டாருக்குப் போகவிருந்த மகனின் பொலிஸ் கிளியரன்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அடையாள அட்டை இலக்கம் கேட்கும் கட்டத்தில் முதல் இரண்டு எண்ணைத் தட்டியதும் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. ஏழெட்டு இலக்கங்கள். எல்லாம் அதே கதிரையில் அவருக்கு முன்னால் இருந்து எழும்பிப் போனவர்களுடையவை.

"இது ஆரின்ட நம்பர் தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. அது பிரவுசரின் கோளாறு இல்லை. ஒருமுறை தட்டியதை நினைவில் வைத்திருந்து மறுமுறை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. வீட்டில் அது பெரிய உதவி. நாளுக்கு இருபது பேர் மாறி மாறி இருக்கும் கடையில் அதை நிறுத்தாமல் விட்டது என் பிழை. அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு மூன்று கணினியையும் துருவிப் பார்த்தேன். பிறந்த திகதி, வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், இரண்டு பேரின் மின்னஞ்சல் கடவுச்சொல்கூடச் சேமிப்பில் கிடந்தது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் கணினிகளை எப்படியும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. சரி, பிரவுசரையும் அதோடு சேர்த்துத் தீர்மானித்துவிடுவோம் என்று ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு கிழமை கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பாவின் லெப்டொப், அம்மாவின் போன், மருமகனின் ஆசை என்று வீட்டுத் தேவைகளும் வந்து சேர்ந்தன. பார்த்து முடித்தபோது ஒன்று தெளிவானது. எது வேகம் என்று கேட்டால் விடை கிடைக்காது. இந்தக் கதிரையில் யார் இருக்கப்போகிறார், எழும்பிப் போகும்போது எதை விட்டுவிட்டுப் போவார் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

பெயர் பல, வயிறு ஒன்று

பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே போனால் கொஞ்சம்தான். 2008இல் வந்த குரோம், 2020இல் புதிதாகக் கட்டப்பட்ட எட்ஜ், பிரேவ், ஒபேரா, விவால்டி எல்லாமே குரோமியம் என்ற ஒரே திறந்த மூல (யாரும் எடுத்து மாற்றிக் கட்டக்கூடிய) அடித்தளத்தில் நிற்பவை. பக்கத்தைத் திரையில் வரைகிற இயந்திரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆகவே குரோமில் சரியாகத் திறக்கும் விண்ணப்பம் எட்ஜிலும் பிரேவிலும் அநேகமாகத் திறக்கும். அப்பிளின் சஃபாரிக்கு வேறு இயந்திரம். ஃபயர்பொக்ஸுக்கு, 2004இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து, அதற்கே உரிய கெக்கோ.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும், நம் நாட்டில் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரம்தான். வளைகுடாவிலிருந்து ஐபோனோடு வரும் தம்பிமார் "அண்ணை, இதில குரோம் போட்டுத்தாங்க, வேகமா இருக்கும்" என்று கேட்கிறார்கள். போட்டுக் கொடுக்கிறேன். புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் மற்றக் கணினியோடு ஒத்து வரும். வேகம் மாறாது.

நினைவகத்தைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். குரோம் மெமரியைத் தின்கிறது என்ற பேச்சு பழையது. 2018இலேயே குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கத் தொடங்கியது. ஒரு தளம் இன்னொன்றை எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் அந்தச் செலவு. பின்னர் ஃபயர்பொக்ஸும் அதே வழிக்கு வந்தது. பார்க்காத தாவல்களை (டாப்) தூங்கவைக்கும் வசதி இப்போது எட்ஜ், குரோம், ஃபயர்பொக்ஸ் மூன்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. என் 4 ஜிபி கணினியில் மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் திணறின. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட நாளில்தான் அந்தக் கணினிக்கு உயிர் வந்தது. பிரவுசரை மாற்றி வேகம் தேடுகிறவர்கள் அந்தக் காசை முதலில் அங்கே போடலாம்.

கடைக் கதிரை

குரோமில் விருந்தினர் நிலை என்று ஒன்று உண்டு. ஜன்னலை மூடியதும் வரலாறு, குக்கி (தளங்கள் கணினியில் விட்டுப்போகும் குறிப்பு), நிரப்பிய விபரம் எல்லாம் போய்விடும். கடைக்கென்றே செய்தது போலத் தெரிந்ததால் முதலில் அதைத்தான் போட்டேன். இரண்டே நாளில் சிக்கல் தெரிந்தது. அந்த நிலையில் நீட்சிகள் (பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) எதுவும் வேலை செய்யாது, அதனால் விளம்பரத் தடுப்பி இல்லை. நான் சேர்த்து வைத்த புக்மார்க்கும் தெரியாது. பரீட்சைத் திணைக்களம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, ஆட்பதிவுத் திணைக்களம், குடிவரவு குடியகல்வு என்று அடிக்கடி தேவைப்படும் தளங்களை மேலே வரிசையாகக் கட்டி வைத்திருப்பேன். அது இல்லாதபோது பிள்ளைகள் தேடுபொறியில் பெயரைத் தட்டுகிறார்கள். வரும் முதல் இணைப்பைத் தொடுகிறார்கள். அந்த முதல் இணைப்பு சில நேரம் விளம்பரம், சில நேரம் அசல் போலவே பெயர் வைத்த வேறு தளம். விண்ணப்பம் நிரப்பும் கடையில் இது சின்ன விசயம் இல்லை.

அதே குரோமில் மறைநிலை ஜன்னலைத் திறந்தால் புக்மார்க் இருக்கும், அனுமதி கொடுத்தால் தடுப்பியும் ஓடும். மறைநிலை என்றால் இணையத்தில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நாம் வந்து போவது அந்தத் தளத்துக்குத் தெரியும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இணைப்புத் தரும் கம்பனிக்கும் தெரியும். இந்த விசயத்தில் 2020இல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்குப் போட்டு, மறைநிலையில் சேர்ந்த தரவுகளை அழிக்க 2024இல் கூகுள் உடன்பட வேண்டி வந்தது. ஆனால் எனக்கு வேண்டியது அடுத்த வாடிக்கையாளரிடமிருந்து மறைப்பது. அதற்கு மறைநிலை போதும்.

பிறகு ஏன் குரோமை விட்டேன்? இரண்டு காரணம். சாதாரண குரோம் ஜன்னலில் ஒருவர் தன் ஜிமெயிலைத் திறந்தால், பிரவுசரே அவர் பெயரில் உள்நுழைந்துவிடலாம். 2018இல் தொடங்கிய வழக்கம் இது. "தொடர்க" என்று வரும் பொத்தானை யோசிக்காமல் அமுக்கிவிட்டால் அவருடைய கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் என் கடைக் கணினிக்கு இறங்கிவிடலாம். நம் ஆட்கள் வரிசையில் நிற்கிறவர்களை நினைத்து அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஓகே' தான் அமுக்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃபயர்பொக்ஸில் ஜிமெயிலுக்குள் போனால் அது ஜிமெயிலோடு நிற்கும், பிரவுசர் தன் பாட்டில் இருக்கும்.

இரண்டாவது காரணம் விளம்பரத் தடுப்பி. யூபிளாக் ஒரிஜின் என்ற இலவச நீட்சியைப் பல வருசமாகப் போட்டு வருகிறேன். கூகுள் நீட்சிகளுக்கான விதியை மாற்றி, பழைய விதியில் எழுதப்பட்டவற்றை 2024 முதல் படிப்படியாக நிறுத்தி 2025 நடுப்பகுதியில் முடித்தும் விட்டது. அதில் இந்த நீட்சி குரோமில் செத்துப்போனது. லைட் என்ற பெயரில் அதன் சுருங்கிய வடிவம் இருக்கிறது. மோசமில்லை, பெரும்பாலான விளம்பரத்தை நிறுத்துகிறது. ஆனால் புதிய விதிப்படி எதைத் தடுக்கலாம் என்ற பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். பக்கம் திறக்கும்போது அந்தந்த நொடியில் பார்த்துத் தீர்மானிக்கும் சுதந்திரம் பழைய மாதிரி இல்லை. ஃபயர்பொக்ஸில் முழு யூபிளாக் இன்றும் ஓடுகிறது.

விளம்பரத் தடுப்பியை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்கலாம். ஒரு பிள்ளை வந்து பழைய வினாத்தாள் ஒன்றை இறக்க ஏதோ ஒரு தளத்தைத் திறந்தது. பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் பெரிய 'டவுன்லோட்' பொத்தான். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் நகம் அளவு எழுத்தில் இன்னொரு இணைப்பு. வினாத்தாள் அந்தச் சாம்பல் இணைப்பில் இருந்தது. பச்சைப் பொத்தான் விளம்பரம். அமுக்கியதும் ஒரு நிரல் இறங்கியது, அதையும் திறந்தது, அன்று பின்னேரம் வரை அந்தக் கணினியில் எதைத் தேடினாலும் வேறெங்கோ போய் நின்றது. தடுப்பி போட்ட பிறகு அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பொத்தான் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நகம் அளவு இணைப்பு மட்டும் நின்றது. ஏமாறுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஆகவே இரண்டு கணினிக்கு ஃபயர்பொக்ஸ். அமைப்புகளில் 'தனியுரிமை' பகுதிக்குப் போய் வரலாறு என்ற இடத்தில் 'எதையும் நினைவில் வைக்காதே' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அது ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லும். அதற்குப் பிறகு எந்த ஜன்னல் திறந்தாலும் தனிப்பட்ட ஜன்னல்தான். கடவுச்சொல் சேமிக்கவா என்ற கேள்வியை வேறாக நிறுத்த வேண்டும். நீட்சிகள் பக்கத்தில் யூபிளாக்குக்குத் 'தனிப்பட்ட ஜன்னலிலும் இயங்கலாம்' என்று அனுமதி கொடுக்க மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் தடுப்பி சும்மா கிடக்கும். நான் முதல் நாள் அதை மறந்து, ஏன் விளம்பரம் வருகிறது என்று அரை மணித்தியாலம் தேடினேன். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எழும்பும்போது எல்லா ஜன்னலையும் மூடிவிட வேண்டும். அந்த வேலையைப் பிரவுசர் செய்யாது, நான்தான் செய்கிறேன்.

ஃபயர்பொக்ஸிலும் குறை உண்டு. சில தளங்களைக் குரோமில் மட்டும் பரிசோதித்துவிட்டு விடுகிறார்கள். ஒரு அலுவலகத்தின் பக்கத்தில் புகைப்படம் ஏற்றும்போது ஃபயர்பொக்ஸில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது, குரோமில் உடனே ஏறியது. உலகளவில் சிறு பங்கினர் மட்டுமே பாவிக்கும் பிரவுசருக்கு இந்த நிலைமை வரத்தான் செய்யும். அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் காசு. 2025 பெப்ரவரியில் அவர்கள் பாவனை விதிகளை மாற்றி எழுதியபோது, 'உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம்' என்ற பழைய வாக்குறுதி காணாமல் போனது. பலர் கோபப்பட்டார்கள், அவர்களும் விளக்கம் சொல்லி வாசகத்தைத் திருத்தினார்கள். எனக்கும் அது மனதில் உறுத்துகிறது. இருந்தாலும் எல்லாரும் ஒரே இயந்திரத்தில் போய் விழுந்துவிட்டால், அந்த இயந்திரத்தின் சொந்தக்காரர் வைத்ததுதான் சட்டம். தடுப்பி விசயத்தில் அதைக் கண்ணால் கண்டோம். அதனால்தான் வேறொன்று உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரேவைக் கடைக்குப் போட்டிருக்கலாமா? போட்டிருக்கலாம். அதில் தடுப்பி நீட்சியாக இல்லை, பிரவுசரின் உடம்போடு சேர்ந்தே வருகிறது. கூகுளின் விதி மாற்றம் அதை அசைக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் உருவாக்கிய, மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெண்டன் ஐக் தான் இதையும் தொடங்கினார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. கிரிப்டோ பணப்பை, விளம்பரம் பார்த்தால் வெகுமதி, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று ஓரங்களில் நிற்கும் பொத்தான்கள்தான் கடைக்கு ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் மறைக்கலாம். ஆனால் "அங்கிள், இதில காசு கிடைக்குமாம்" என்று ஒரு சின்னப் பெடியன் வந்து கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது தன் பரிந்துரைக் குறியீட்டை (அதன் வழியாக வருகிறவர்களுக்காகத் தரகுக் காசு தரும் குறியீடு) தானாகவே சேர்த்து மாட்டிக்கொண்ட கம்பனி அது. மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிங்களக் கடிதம் வந்தால்

இந்த ஒன்றில் குரோமை நான் விடவே மாட்டேன். திருகோணமலையில் மூன்று இனமும் கலந்து இருக்கிறோம். சட்டப்படி தமிழிலும் இருக்க வேண்டிய அறிவித்தல் பல நேரம் சிங்களத்தில் மட்டும் ஏறியிருக்கும், அல்லது தமிழ்ப் பக்கத்தைத் தொட்டால் பழைய அறிவித்தல் வரும். குரோமில் அந்தப் பக்கத்தின் மேல் வலது சொடுக்கி 'தமிழுக்கு மொழிபெயர்' என்றால் பக்கம் முழுவதும் தமிழில் மாறிவிடுகிறது. வடிவம் குலையாது, பொத்தான்கள் அந்தந்த இடத்தில் நிற்கும். சிங்களப் பக்கத்தைத் தமிழில் காட்ட இவ்வளவு லேசான வழி எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆட்களின் பெயரையும் ஊர்ப்பெயரையும் சொல்லாக எடுத்து அர்த்தம் பண்ணிவிடும். 'கூடாது' என்பது 'வேண்டும்' ஆகி வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே முடிவுத் திகதி, கட்டணம், இணைக்க வேண்டிய ஆவணங்கள் ஆகிய மூன்றையும் மூலப் பக்கத்தில் இருக்கும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆட்களுக்குச் சொல்வேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பிரவுசர் கையை விரித்துவிடும். அதற்குப் போன் கமராவை நீட்டி கூகுள் லென்ஸில் வாசிக்கிறோம். இன்னொன்று, மொழிபெயர்க்கும் பக்கத்தின் எழுத்தெல்லாம் கூகுளின் சேர்வருக்குப் போய் வருகிறது. அறிவித்தல் என்றால் போகட்டும். வங்கிக் கணக்கையோ வைத்திய அறிக்கையையோ திறந்து வைத்துக்கொண்டு அதை அமுக்க வேண்டாம்.

அப்பாவின் கண், அம்மாவின் டேட்டா

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கற்றரக்ட் ஒப்பரேஷன் செய்த பிறகும் நீண்ட கட்டுரைகளை வாசிக்கக் கஷ்டம். எழுத்தைப் பெருப்பித்துக் கொடுத்தேன், பத்து நிமிசத்தில் கண்ணீர் வடிகிறது. எட்ஜில் 'உரக்க வாசி' என்ற வசதி இருக்கிறது. கட்டுரையைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அமுக்கினால் வாசிக்கத் தொடங்கும். மற்றவற்றிலும் வாசிக்கும் வசதி உண்டு. ஃபயர்பொக்ஸின் வாசிப்பு நிலையில்கூட இருக்கிறது, ஆனால் கணினியில் தமிழ்க் குரல் இருந்தால்தான் அது தமிழ் வாசிக்கும். எட்ஜோ குரலை இணையத்திலிருந்து எடுக்கிறது. அதிலும் இலங்கைத் தமிழுக்கென்றே சரண்யா, குமார் என்று இரண்டு குரல்கள். குரல் பட்டியலில் 'தமிழ், இலங்கை' என்று கண்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

அப்பா குமாரைத் தெரிவு செய்தார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். வாசிக்கும் சொல் மஞ்சளாக ஒளிரும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையில் ஏதாவது பெயர் பிழையாக வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பார். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு காலத்துத் தளங்களில் இது சரிவராது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், ஆகவே குரலும் அதைத்தான் வாசிக்கும். யூனிகோடுக்கு (தமிழைத் தமிழாகவே கணினி அறியும் எழுத்துமுறை) மாறாத தமிழ்த் தளம் கண் தெரியாதவருக்குப் பூட்டிய வீடு. தளம் நடத்துகிறவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து பழைய பக்கங்களையும் மாற்றிவிடுங்கள்.

எட்ஜின் தொல்லை அதன் முதல் பக்கம். திறந்ததும் செய்தி, விலைக்கழிவு, கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று ஒரு சந்தையே விரியும். அரை மணித்தியாலம் செலவழித்து எல்லாவற்றையும் அணைத்த பிறகுதான் அப்பாவிடம் கொடுத்தேன்.

அம்மாவுக்குப் போன். டேட்டா காட் போட்டு இரண்டு நாளில் முடிந்துபோனது என்று அலுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது செய்தி, மரண அறிவித்தல், கோயில் நேரலை, தேவாரம். செய்தித் தளத்தில் நாலு பந்தி வாசிக்க ஏழு விளம்பரம் இறங்குகிறது, அதில் இரண்டு வீடியோ. அண்ட்ரொய்ட் குரோமில் நீட்சி போட முடியாது. முன்பு அதில் டேட்டாவைச் சுருக்கும் வசதி இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். ஃபயர்பொக்ஸ் அண்ட்ரொய்டில் யூபிளாக் ஓடும், எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அம்மாவுக்கு பிரேவ் போட்டேன். நிறுவியதோடு வேலை முடிந்தது, எதையும் தனியாகப் போட வேண்டாம். அமைப்பில் ஒன்றைத் திறந்துவிட்டால் திரை அணைந்த பிறகும் தேவாரம் தொடர்ந்து பாடும். விளக்கேற்றும் நேரத்தில் போனைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டில் இருக்கிறார்.

விளம்பரத்தைத் தடுத்தால் அந்தச் செய்தித் தளம் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி நியாயமானது. எங்கள் மாவட்டச் செய்தியைச் சிரமப்பட்டுப் போடுகிற சிறிய தளங்கள் இரண்டுக்கு மட்டும் அம்மாவின் போனில் தடுப்பியை அணைத்து வைத்திருக்கிறேன். பிரேவின் சின்னமான சிங்க முகத்தைத் தொட்டு ஒரு தட்டுத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும்.

பட்டன் போன் காலத்தில் நாமெல்லாம் பாவித்த ஒபேரா மினி இன்றும் இருக்கிறது. டேட்டா சேமிப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தைத் தன் சேர்வரில் பிழிந்து, சக்கையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் அனுப்புகிறது. ஆனால் கடும் சுருக்க நிலையில் நம் போனுக்கும் தளத்துக்கும் நடுவே அந்தச் சேர்வர் நின்று எல்லாவற்றையும் திறந்து பார்த்துத்தான் சுருக்க முடியும். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம். வங்கிக்கு வேண்டாம்.

மருமகன் கேட்ட புதியது

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மருமகன் ஒரு நாள் லெப்டொப்போடு வந்தான். "மாமா, நீங்க இன்னும் தடுப்பியப் பத்திக் கதைச்சிட்டு இருக்கிறீங்க. இப்ப பிரவுசரே வேலைய செஞ்சு குடுக்குது" என்றான். அவன் சொன்னது பெர்பிளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுக் கம்பனியின் கொமெட். 2025 யூலையில் வந்து, ஒக்டோபரில் எல்லாருக்கும் இலவசமானது. அதே ஒக்டோபரில் சட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, அட்லஸ் என்ற பிரவுசரை முதலில் மேக் கணினிக்கு விட்டது. இரண்டுமே குரோமியத்தில் கட்டியவை, இயந்திரத்தில் புதுமை இல்லை. பக்கவாட்டில் ஓர் உதவியாளர் நிற்கிறார். திறந்திருக்கும் பக்கத்தை வாசித்துச் சுருக்கம் சொல்வார், நாலு தாவலை ஒப்பிடுவார். அனுமதித்தால் நமக்காகத் தானே பொத்தானை அமுக்கிப் படிவமும் நிரப்புவார்.

அவன் காட்டியதை உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது பக்க ஆங்கில ஆய்வுக் கட்டுரையைத் திறந்து, இதில் மாதிரி எடுத்த முறை என்ன என்று தமிழில் கேட்டான். தமிழிலேயே பதில் வந்தது, எந்தப் பக்கம் என்றும் காட்டியது. ஆங்கிலம் கைவராத கிராமத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கைகொடுப்பு என்று எனக்கு விளங்குகிறது. கடைக்கு வரும் உயர்தரப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாம் சொல்வதையும் பக்கத்தில் எழுதியிருப்பதையும் அந்த உதவியாளர் ஒரே காதால்தான் கேட்கிறார். ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் 'இந்த ஆளின் மின்னஞ்சலைத் திறந்து அதில் வந்த இலக்கத்தை இங்கே எழுது' என்று எவராவது மறைத்து எழுதி வைத்தால், அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடும். 2025 ஓகஸ்டில் பிரேவ் கம்பனியின் ஆய்வாளர்கள் கொமெட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். போட்டிக் கம்பனி சொன்னது என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அட்லஸ் வெளிவந்தபோது ஓபன்ஏஐயின் பாதுகாப்புப் பொறுப்பாளரே இந்தச் சிக்கல் இன்னும் தீராதது என்று ஒப்புக்கொண்டார். சாதாரண பிரவுசரில் ஒரு தளம் இன்னொன்றை எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் இத்தனை வருசமாக அறை அறையாகப் பூட்டினார்கள். இந்த உதவியாளரோ எல்லா அறைச் சாவியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

மருமகனோடு நிறையப் பேசினேன். கடைசியில் அவன் லெப்டொப்பில் கொமெட்டும் ஃபயர்பொக்ஸும் இருக்கின்றன. கொமெட்டில் மின்னஞ்சல் இல்லை, வங்கி இல்லை, வளாகக் கணக்கு இல்லை. கட்டுரை வாசிக்க, ஒப்பிட, கேள்வி கேட்க மட்டும். உள்நுழைய வேண்டியதெல்லாம் ஃபயர்பொக்ஸில். அதில் கொண்டெய்னர் என்ற நீட்சியால் வீடு, படிப்பு, காசு என்று நிறம் நிறமாகத் தாவல்களைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு நிறத்தில் உள்நுழைந்தது மற்ற நிறத்துக்குத் தெரியாது. "உதவியாளர் செய்யட்டும்" என்ற பொத்தானை விண்ணப்பப் படிவத்தில் அமுக்கமாட்டேன் என்று வாக்கும் வாங்கியிருக்கிறேன். கடைக் கணினியில் இவற்றை இப்போதைக்குப் போடப்போவதில்லை. சொந்தக் கணினியில் எடுக்கும் ஆபத்து ஒருவருடையது. கடையில் அது சம்பூர் அக்காவின் மகனுடையதாகவும் ஆகிவிடும்.

இப்போது கடையில் முதல் இரண்டு கணினியில் ஃபயர்பொக்ஸ். மூன்றாவதில் குரோம், திரைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர்: 'சிங்களப் பக்கம் வாசிக்க மட்டும். இங்கே லொகின் செய்ய வேண்டாம்.' ஃபயர்பொக்ஸில் படம் ஏறாமல் நிற்கும் பக்கம் என்றால், மறைநிலை ஜன்னலைத் திறந்து நானே பக்கத்தில் நின்று ஏற்றிக் கொடுக்கிறேன்.

எந்த பிரவுசராலும் தீர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. விருந்தினர் நிலை, மறைநிலை, தனிப்பட்ட ஜன்னல் எதுவானாலும், இறக்கிய கோப்பு கணினியிலேயே கிடக்கும். நான் துருவிப் பார்த்த அன்று டவுன்லோட்ஸ் கோப்புறையில் முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள் இருந்தன. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம், ஒரு பிள்ளையின் வைத்திய அறிக்கை. இப்போது இரவு எட்டரைக்கு மூன்று கணினியிலும் அந்தக் கோப்புறையைத் திறந்து முழுக்க அழித்து, குப்பைத் தொட்டியையும் காலியாக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுக்கிறேன்.